மெஷ் பேட் கொண்ட தொடக்கநிலை எலக்ட்ரானிக் டிரம் செட்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

43 வயதில் டிரம்ஸ் கற்கத் தொடங்கி, அதற்கென்றே வாங்கிய ஒரு தொடக்கநிலை எலக்ட்ரானிக் டிரம் செட்டை 14 மாதங்களாக ஏறக்குறைய நாள்தோறும் வாசித்து வருகிறேன். வாங்குவதற்கு முன் நான் படித்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை வாசிக்கத் தெரிந்தவர்கள் எழுதியவை. ஒலியை உருவாக்கும் பெட்டியான மாட்யூலில் எத்தனை ஒலிகள் இருக்கின்றன, சிம்பல் (உலோகத் தட்டு) பேடில் எந்தெந்தப் பகுதி தனியாக ஒலிக்கும் என்பதையெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. குச்சியைப் பிடிக்கவே இனிமேல்தான் பழக வேண்டிய, வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருக்கு இந்தக் கருவி எதைக் கற்றுத்தரும், எதைக் கற்றுத்தராது என்பதை அவற்றில் நான் காணவில்லை. எனவே அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

செட்டின் நிறுவனப் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. என்னிடம் வந்து சேர்ந்த ஒரே ஒரு செட்டில் கண்ட குறைகளைக் கொண்டு ஒரு நிறுவனத்தை எடைபோடுவது முறையல்ல. தவிர, இந்த நிலையில் விற்கப்படும் மெஷ் பேட் செட்டுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கின்றன. ஆகவே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்தப் பெயர் அச்சிடப்பட்ட செட்டுக்கும் பொருந்தும்.

பெட்டியில் வந்தவை: முதன்மை டிரம்மான ஸ்னேருக்கு 8 அங்குல பேட் ஒன்று, டாம் என்னும் மற்ற டிரம்களுக்கு பேடுகள் மூன்று, ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்), க்ராஷ், ரைடு ஆகியவற்றுக்கான ரப்பர் சிம்பல் பேடுகள் மூன்று, காலால் மிதித்து ஒலிக்கும் பேஸ் டிரம்முக்கு ஒரு சிறிய கிக் பேட், அதற்கான பெடல், ஹை-ஹேட்டுக்கான கால் பெடல், எல்லாவற்றையும் தாங்கும் ஸ்டாண்டு, ஒலியை உருவாக்கும் மாட்யூல். ஸ்டூலும் ஹெட்போனும் வரவில்லை. பூட்டுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. பூட்டி முடித்த பிறகு ஒவ்வொரு இணைப்பின் இடத்தையும் குழாயின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்து வைத்தது நான் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று. வாசிக்க வாசிக்க இணைப்புகள் சற்றே சுழன்று பேடுகள் இடம் மாறும்போது, பழைய உயரத்துக்கும் சாய்வுக்கும் அவற்றைத் திருப்பிக் கொண்டுவர அந்தக் குறிகள்தான் உதவின.

எலக்ட்ரானிக் செட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஓசை. மூடிய அறைக்குள் உண்மையான டிரம்ஸை வாசிக்கும்போது வாசிப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பணியிடங்களில் செவியைக் காக்க அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் கணக்குப்படி, 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு அந்தக் கணக்கு வெறும் 15 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு இரவு பத்து மணிக்குமேல்தான் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தைப் பயிற்சிக்கு உரியதாக மாற்றியது இந்தச் செட்தான். இது இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு வகுப்போடு நின்றிருப்பேன், நான்காவது மாதத்தில் அதையும் விட்டிருப்பேன் என்று உறுதியாகச் சொல்லலாம். ஹெட்போனிலும் ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் காதுக்கு அதே கேடுதான் என்பதால், மாட்யூலின் ஒலிக் குமிழைப் பாதிக்கு மேல் நான் திருப்புவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் ரப்பர் பேடா மெஷ் பேடா என்று குழம்புவார்கள். ஸ்னேருக்காவது மெஷ் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. மெஷ் என்பது இழுத்துக் கட்டப்பட்ட நெருக்கமான வலைத்துணி. குச்சி விழும்போது அது உள்வாங்கி, பிறகு குச்சியைத் திருப்பி அனுப்புகிறது. இதன் அருமை புரிய வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் டிரம்ஸின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். 1981இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற சிம்மன்ஸ் நிறுவனத்தின் அறுகோண பேடுகள் கடினமான பாலிகார்பனேட்டால் ஆனவை. அந்த ஒலி உலகெங்கும் பரவியது. கூடவே, அவற்றை வாசித்தவர்களிடமிருந்து மணிக்கட்டு வலி பற்றிய புகாரும் எழுந்தது. 1997இல் ரோலண்டு நிறுவனம், டிரம் தோல்கள் செய்யும் ரெமோ நிறுவனத்தோடு சேர்ந்து மெஷ் பேடைக் கொண்டுவந்த பிறகுதான் எலக்ட்ரானிக் டிரம்ஸ் கைக்கு இதமான கருவியாக மாறியது. அன்று உயர்நிலைச் செட்டில் மட்டும் இருந்த அந்த அமைப்பு இன்று தொடக்கநிலைக்கே வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவரின் மணிக்கட்டுக்கு இது சிறிய விஷயமன்று. 14 மாதங்களில் என் மணிக்கட்டு ஒரு நாள்கூட வலித்ததில்லை.

ஆனால் கிக் பேடைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்ல இயலாது. ஹெட்போன் அணிந்துவிட்டால் ஓசையே இருக்காது என்று நம்பித்தான் வாங்கினேன். காற்றில் பரவும் ஓசை உண்மையிலேயே குறைவுதான். பேடில் குச்சி விழும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை. பெடல் அடிக்கும் அடியோ ஸ்டாண்டு வழியாகத் தரையில் இறங்கி, தரை வழியாகக் கீழ்த்தளத்துக்குப் போய், அங்கே இருப்பவருக்கு யாரோ குதிகாலால் தரையை மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் கேட்கிறது. இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பாதியளவு பள்ளத்தில் பதித்து, அந்த மேடையின் மேல் முழுச் செட்டையும் வைப்பது பலரும் கையாளும் வழி. நானும் அதைச் செய்தேன். அதிர்வு முற்றிலும் நிற்கவில்லை என்றாலும், கீழ்த்தளத்தாரிடம் கேட்டபோது, கவனித்துக் கேட்டால்தான் தெரிகிறது என்றார்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் செட்டின் விலையோடு இந்த மேடைக்கான செலவையும் உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஹை-ஹேட் பெடல் இந்தச் செட்டின் மிக வலுவற்ற பகுதி. உண்மையான ஹை-ஹேட்டில் ஒரு ஸ்டாண்டில் இரண்டு 14 அங்குல சிம்பல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. காலை எடுத்தால் மேல் சிம்பல் எழும், அழுத்தினால் இரண்டும் கவ்விக்கொள்ளும், பாதி அழுத்தினால் ஒன்றோடொன்று உரசிச் சீறும். இங்கே தரையில் இருக்கும் ஒரு தகடு, காலின் நிலையை மாட்யூலுக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். பாதி திறந்த நிலை என் செட்டில் ஒருபோதும் நம்பத்தகுந்த முறையில் ஒலித்ததில்லை. முதலாண்டில் பெரும்பாலும் மூடிய ஹை-ஹேட்டைத்தான் வாசிக்கிறோம் என்பதால் அது பயிற்சியைக் கெடுக்கவில்லை. இருப்பினும் இடது கால் இந்தச் செட்டில் ஏறக்குறைய எதையும் கற்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

இனி, இந்தச் செட் உண்மையிலேயே நன்றாகக் கற்றுத்தரும் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்: அது காலம், அதாவது அடிகள் சரியான நேரத்தில் விழுவது. மாட்யூலில் சீராக எண்ணிக்கை தட்டும் மெட்ரோனோமும், அடி ஒவ்வொன்றும் முந்தி விழுந்ததா பிந்தி விழுந்ததா என்று திரையில் காட்டும் பயிற்சி முறையும் இருக்கின்றன. பெரியவர்கள் கற்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மனம் உடனே புரிந்துகொள்கிறது; எழுதிக் காட்டினால் எந்தத் தாளமும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். விளங்கிய பிறகும் கை கால்கள் கேட்காதபோது, நமக்கு இது வராது என்ற முடிவுக்கு மிக விரைவில் வந்துவிடுகிறோம். திரை காட்டும் கோடு அந்த முடிவுக்கு மாற்றாக ஒரு தகவலைத் தருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாரும் முதலில் கற்கும் தாளத்தில் வலது கை ஹை-ஹேட்டில் சீராக எட்டு அடிகள் வைக்கும், இடது கை 2ஆம் 4ஆம் எண்ணிக்கைகளில் ஸ்னேரை அடிக்கும், வலது கால் 1ஆம் 3ஆம் எண்ணிக்கைகளில் கிக்கை மிதிக்கும். இது எனக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது, ஏனென்றால் இங்கே கால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் வலது கையும் கூடவே இறங்குகிறது. அடுத்து ஆசிரியர் கொடுத்த பாடத்தில் கால் ஒரு முறை ஹை-ஹேட் அடிகளுக்கு நடுவே விழ வேண்டியிருந்தது. ஓர் எண்ணிக்கையை நான்காகப் பகுத்துத் ‘தகதிமி’ என்று சொல்லிக்கொண்டால், வலது கை ‘த’விலும் ‘தி’யிலும் விழுகிறது, கால் ‘மி’யில் தனியாக விழ வேண்டும். என் கால் ‘மி’யில் இறங்கிய ஒவ்வொரு முறையும் வலது கையும் அதோடு சேர்ந்து இறங்கியது. கையைப் பிடித்து நிறுத்தினால் காலும் நின்றது. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்ற வேகத்திலேயே இந்த நிலை.

வேகத்தை 45க்குக் குறைத்தேன். அந்த வேகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. தவறு நிகழ்வதைத் தடுக்க முடியாவிட்டாலும் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைப் பார்க்க முடியும். முதல் நான்கு நாட்கள் திரையில் கால் அடி தொடர்ந்து பின்தங்கியே தெரிந்தது. கை தவறிக் கூட விழாத தருணங்களில்கூட, கையை அடக்குவதற்காகக் கால் ஒரு கணம் தயங்குகிறது என்பதை அந்தக் கோடு காட்டியபோதுதான் என் கவனம் கையிலிருந்து காலுக்கு மாறியது. வாயால் ‘தகதிமி’ சொல்லி, ‘மி’யை மட்டும் உரக்கச் சொல்லிக் காலை அந்த எழுத்தோடு கட்டினேன். பதினோராவது நாள் கை தன் போக்கில் போயிற்று, கால் தன் போக்கில் போயிற்று. அந்த இரவின் மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறது. நம் உடலில் ஓர் உறுப்பு மற்றொன்றின் பிடியிலிருந்து விடுபடுவதை இந்த வயதில் நேரடியாக உணர்வது அரிய அனுபவம். அதற்கு இந்த மாட்யூலின் பங்கு கணிசமானது.

இத்தனை நன்மைகளையும் சொன்ன பிறகு, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஏழாவது மாத இறுதியில் ஆசிரியர் என்னை ஒரு ஒத்திகை அறைக்கு அழைத்துச் சென்று உண்மையான டிரம்ஸின் முன் உட்கார வைத்தார். 14 அங்குல ஸ்னேர், 22 அங்குல பேஸ் டிரம், உண்மையான உலோகச் சிம்பல்கள். வீட்டில் பிழையில்லாமல் வாசித்துவந்த அதே தாளத்தைத் தொடங்கினேன். காலத்தில் தவறு இல்லை. ஆனால் கேட்டது என் தாளமே அன்று. ஹை-ஹேட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இரைந்தது. ஸ்னேர் ஒரு முறை கணீரென்றும் அடுத்த முறை தகரத்தைத் தட்டியதுபோலும் ஒலித்தது. பேஸ் டிரம் இருக்கும் இடமே தெரியவில்லை. கைப்பேசியில் பதிவு செய்து வீட்டில் திரும்பக் கேட்டபோது, கற்றுக்கொண்டதாக நான் எண்ணியிருந்ததில் ஒரு பாதி அந்த மாட்யூலுக்குள் இருந்தது என்பது புரிந்தது.

காரணத்தை விளக்க வேண்டும். மெஷ் பேடின் அடியில் ஒரு உணரி இருக்கிறது. அடியின் வேகத்தை அது மின்துடிப்பாக மாற்றுகிறது, மாட்யூல் அதை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. மின்னணு இசைக்கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற தரமுறையிலிருந்து இன்றுவரை தொடரும் அளவு இது. தொடக்கநிலை மாட்யூல்கள் புதியவரின் கைக்கு இணக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நடுத்தரமான அடிகளையெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்த்தி ஒலிக்கும்படி அமைக்கப்பட்டே என்னுடையது வந்தது. ஒலிகளோ ஒரு பதிவுக்கூடத்தில் தேர்ந்த கலைஞர் ஒருவர் வாசித்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சமன்செய்து பதிவு செய்யப்பட்டவை. ஹை-ஹேட்டை நான் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது தன் எல்லைக்குள் அடக்கமாகவே ஒலிக்கும். கிக்கை எவ்வளவு மெத்தனமாக மிதித்தாலும் நெஞ்சில் விழும் ஆழத்தோடு ஒலிக்கும். ஸ்னேர் தோலின் நடுவில் அடித்தால் ஒரு ஒலி, விளிம்பை நோக்கிப் போகப் போக வேறு ஒலி என்ற வேறுபாடும் என் பேடில் இல்லை. நடுவில் உணரிக்கு நேர் மேலே விழும் அடி மட்டும் சற்று மிகையாக ஒலிக்கும். அது உண்மையான தோலின் நடத்தையன்று, உணரியின் குறை.

இன்னொன்றையும் அந்த அறையில் கற்றேன். நன்கு இழுத்துக் கட்டிய மெஷ், உண்மையான தோலைவிடக் குச்சியை மிகுதியாகத் துள்ள வைக்கிறது. ஒரு கையால் இரண்டிரண்டு அடிகளாக உருட்டும் டபுள் ஸ்ட்ரோக் எனக்கு வீட்டில் அழகாக வந்தது. ஒத்திகை அறையில் தரையில் நிற்கும் 16 அங்குலப் பெரிய டாமில் அதையே உருட்ட முயன்றபோது இரண்டாவது அடி வெறும் நிழலாகத் தேய்ந்து மறைந்தது. அந்தத் தோல் தளர்வானது, குச்சியைத் திருப்பி அனுப்பாது. இரண்டாவது அடியை விரல்கள்தான் போட வேண்டும். என் விரல்கள் அதுவரை அந்த வேலையைச் செய்ததே இல்லை, மெஷ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அன்று அவர் சொன்னது எளிய ஒரு வழி: “அக்கா, நாளையிலிருந்து முதல் பத்து நிமிஷம் மாட்யூலை ஆன் பண்ணாமலே வாசிங்க. வெறும் பேட் சத்தம் கேக்கும் இல்லையா, அதை மட்டும் கேளுங்க.” மறுநாள் இரவு அப்படியே செய்தேன். மெஷ்ஷில் குச்சி விழும்போது எழும் மெல்லிய, உலர்ந்த ‘தப்’ என்ற ஓசையைத் தவிர அறையில் வேறொன்றும் இல்லை. வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி அடித்தபோது, ‘தப், திப், தப், திப்’ என்று கேட்டது. ஏழு மாதங்களாக இரண்டு கைகளும் சமமாக அடிப்பதாக ஹெட்போன் எனக்குச் சொல்லிவந்தது. எதிரே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வலது குச்சியின் நுனி மெஷ்ஷிலிருந்து ஒரு சாண் உயரம் எழுந்தது, இடது குச்சி அதில் பாதிதான் எழுந்தது. இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் குச்சியை விட்டுவிடுமோ என்று அஞ்சுவதுபோல் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. அந்த இரு விரல்களைத் தளர்த்தி, குச்சி தன் எடையில் எழவிட்டபோது ‘திப்’ மெல்ல மெல்லத் ‘தப்’ ஆயிற்று. இதற்கு மூன்று மாதங்கள் பிடித்தன. இன்றும் களைத்த நாட்களில் அந்தத் ‘திப்’ திரும்பி வருகிறது.

அதன் பின் மாட்யூலின் அமைப்புகளையும் மாற்றினேன். இதே வகைச் செட் வைத்திருக்கும் தொடக்கநிலையினர் அனைவரும் முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிடலாம் என்று வலியுறுத்திச் சொல்வேன். பேடுகளின் உணர்திறனைக் குறைத்து, அடியின் வலிமைக்கு நேர் விகிதத்தில் ஒலி எழும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். மெல்ல அடித்தால் மெல்லவும் ஓங்கி அடித்தால் ஓங்கியும்தான் இப்போது கேட்கும். ஹை-ஹேட்டின் அளவை மட்டும் வேண்டுமென்றே உயர்த்தி வைத்தேன். கொஞ்சம் ஓங்கினாலும் காதை அறுக்கும் என்பதால் வலது கை தானாகவே இலகுவாயிற்று. கிக்கின் அளவைக் குறைத்ததால் கால் முழு எடையோடு மிதிக்கப் பழகியது. மூன்றாவது டாமின் மெஷ்ஷைச் சாவியால் நன்றாகத் தளர்த்தி, துள்ளலே இல்லாத ஒரு பரப்பாக மாற்றி, டபுள் ஸ்ட்ரோக்கை இப்போது அதில்தான் பயில்கிறேன். செட் முன்புபோல் இனிமையாக ஒலிப்பதில்லை. ஆனால் பதினோராவது மாதத்தில் மீண்டும் அந்த ஒத்திகை அறைக்குப் போய்ப் பதிவு செய்தபோது, ஸ்னேரின் அடிகள் ஒரே குரலில் நின்றன, பேஸ் டிரம் கேட்டது. ஹை-ஹேட் மட்டும் இன்னும் சற்று முந்திக்கொண்டு நிற்கிறது.

பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாமை ஓங்கி அடித்தால் க்ராஷ் சேர்ந்து ஒலிக்கும் கோளாறு முதல் நாளிலிருந்தே இருந்தது. ஸ்டாண்டு வழியாக அதிர்வு பரவுவதால் வருவது அது, மாட்யூலில் க்ராஷ் பேடின் தொடக்க வரம்பை (அடியை அது ஏற்கத் தொடங்கும் அளவை) சற்று உயர்த்தியதும் நின்றுவிட்டது. ஒன்பதாவது மாதத்தில் ஹை-ஹேட் பெடல் செயலிழந்தது. உத்தரவாதக் காலத்துக்குள்தான் இருந்தது. எனினும் சேவை மையம், மாட்யூலைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிப் பாருங்கள் என்ற ஒரே பதிலை நான்கு முறை அனுப்பியது. பெடலை வேறொருவருடைய செட்டில் மாட்டிக் காட்டிய காணொளியை அனுப்பிய பிறகே மாற்றுப் பெடல் வந்தது. இடையில் ஐந்து வாரங்கள் போயின. உடைந்தது கருவி என்பதைவிட, கேட்ட கேள்வியைப் படிக்காமலே பதில் வந்தது என்னை மிகவும் வருத்தியது. வாங்கும் முன், பெடல், வயர் போன்ற உதிரிகள் தனியாகக் கிடைக்குமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியோடு இணைத்து அதிலுள்ள ஒலிகளை வாசிக்க எண்ணுபவர்களுக்கும் ஒரு சொல்: மாட்யூலின் சொந்த ஒலி தாமதமின்றிக் கேட்கிறது, ஆனால் கணினி வழியாக வரும்போது சரியான அமைப்பு இல்லாவிட்டால் அடிக்கும் ஒலிக்கும் நடுவே கையால் உணரக்கூடிய இடைவெளி விழுந்துவிடுகிறது. காலத்தைக் கற்கும் கட்டத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

செட்டோடு கூட வாங்க வேண்டியவற்றில் முதலிடம் ஸ்டூலுக்கு. முதல் இரண்டு மாதங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்ததில் இடுப்பும், முன்னங்கால் எலும்பை ஒட்டிய தசையும் வலித்தன. தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரியும் உயரத்தில் ஒரு சுழல் ஸ்டூல் வந்ததும் இரண்டும் மறைந்தன. குச்சியில் 5ஏ என்ற அளவு, ஏறக்குறைய 16 அங்குல நீளமும் 14 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த தடிமனும் கொண்ட ஹிக்கரி மரக் குச்சி, பெரும்பாலான கைகளுக்குப் போதும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் தேவை. வெளி ஓசை உள்ளே வராவிட்டால்தான் ஒலியைக் குறைவாக வைக்க மனம் ஒப்பும். பிறகு ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட். 1984இல் தாளவாத்தியக் கலைஞர்களின் அமைப்பான பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி, 40 ரூடிமென்ட்டுகளை (டிரம் வாசிப்பின் அடிப்படை அடிக்கோவைகளை) தொகுத்து வகுத்தது. அவற்றில் ஒற்றை அடி, இரட்டை அடி, இரண்டும் கலந்த பாரடிடில் ஆகிய மூன்றை மட்டும் அந்தப் பேடில் நாள்தோறும் பத்து நிமிடம் வாசித்தால், முதலாண்டுக்கு அதுவே நிறைவான கைப்பயிற்சி. ஓசையை அழகுபடுத்தாமல் அடித்ததை அடித்தபடியே சொல்லும் கருவி அது.

மதிப்பெண் கேட்டால், பயிற்சியை விடாமல் தொடரச் செய்ததற்கும் காலத்தைக் கற்றுத்தந்ததற்கும் இந்தச் செட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். கேட்கும் காதை வளர்த்ததற்குப் பாதிக்கும் குறைவாகவே தருவேன். மாடி வீட்டில், இரவில் மட்டும் நேரம் கிடைக்கும் பெரியவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், மாதத்துக்கு ஒரு மணி நேரமேனும் உண்மையான டிரம்ஸின் முன் உட்கார வழி இருக்குமானால். அப்படி வழியே இல்லாதவர்கள் தம் வாசிப்பைத் தாமே கேட்க, மாட்யூலை அணைத்து வாசிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். தனி வீடும், ஓசையைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் வாய்த்தவர்கள், பழைய உண்மையான செட் ஒன்றை வாங்கி, காதுக்குக் காப்பு அணிந்துகொண்டு அதிலேயே தொடங்குவது மேல்.

மேல்நிலைச் செட்டுக்கு மாறப்போகிறீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை ஒத்திகை அறையின் வாடகைக்கு ஒதுக்கியிருக்கிறேன். இப்போதைக்குச் செட்டுக்குத் தேவைப்படுவது ஒன்றே: ஸ்னேர் மெஷ்ஷின் நடுவில் இழைகள் பஞ்சுபோல் எழத் தொடங்கிவிட்டன. 8 அங்குல மாற்று மெஷ் வாங்கி வைத்திருக்கிறேன். எதிரெதிர்த் திருகுகளை மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்கி இந்த வாரம் பூட்ட வேண்டும், பழையதைவிடச் சற்றுத் தளர்வாகவே.